நெருக்கடிக்குப் பெயர் வைப்பவர் யார்? பொருளாதாரச் செய்திகள் பற்றிச் சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாளிதழ் வாசிப்பவர்கள், வானொலிச் செய்தி கேட்பவர்கள், கைப்பேசியில் தலைப்பை மட்டும் பார்த்துக் கவலைப்படுபவர்கள் எனப் பலரும் ஒரே விதமான ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ரிங்கிட் விழுந்தது, கடன் ஏறியது, மானியம் குறைந்தது என்று தலைநகரிலிருந்து வரும் செய்தி நம் சம்பளச் சீட்டுடன் பொருந்தாமல் போகும்போது எழும் ஐயங்கள் அவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

செய்தித்தாள் நடந்ததைத்தானே எழுதுகிறது? அதில் கோணம் எங்கிருந்து வருகிறது?

நடந்ததைத்தான் எழுதுகிறது; ஆனால் நடந்த எல்லாவற்றையும் எழுத இடமில்லை. எதை முதல் வரியில் வைப்பது, யாரிடம் கருத்துக் கேட்பது, எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்று ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்கும்போதே கோணம் பிறந்துவிடுகிறது. அமெரிக்க ஊடக ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993ஆம் ஆண்டில் இதை நான்கு வேலைகளாகப் பிரித்துக் காட்டினார்: சிக்கல் என்னவென்று வரையறுப்பது, காரணம் யாரென்று காட்டுவது, சரி தவறு என்று தீர்ப்புச் சொல்வது, தீர்வு எதுவென்று சுட்டுவது. நான்கும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டியதில்லை. முதல் இரண்டும் அமைந்துவிட்டால் மற்ற இரண்டும் வாசகரின் மனத்தில் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும்.

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த மானியம் நீக்கப்பட்டு, டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. இதை "டீசல் விலை உயர்வு" என்றும் எழுதலாம், "இலக்கு வைக்கப்பட்ட மானியம் தொடங்கியது" என்றும் எழுதலாம், "எல்லை தாண்டும் கடத்தலுக்கு முடிவு" என்றும் எழுதலாம். மூன்றிலும் பொய் இல்லை. முதல் தலைப்பைப் படித்தவர் உதவித் தொகை எங்கே என்று கேட்பார். மூன்றாவதைப் படித்தவர் கடத்தல்காரன் பிடிபட்டானா என்று கேட்பார். அரசாங்கத்தின் மீது விழும் அழுத்தம் எந்தத் திசையில் விழும் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

ரிங்கிட் விழுந்தது என்று பயமுறுத்துகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் எனக்கு அதனால் என்ன?

இரண்டு வழியில் வந்து சேரும். வெங்காயம், பருப்பு, உரம் போன்ற இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறும். அது வீட்டுச் செலவு. மறுபக்கம், செம்பனை எண்ணெய் உலகச் சந்தையில் டாலரில் விற்கப்படுவதால், ரிங்கிட் வலுவிழந்தால் அதே எண்ணெய்க்கு அதிக ரிங்கிட் கிடைக்கும்; அது தோட்ட நிறுவனத்தின் வரவு. அந்த வரவில் எவ்வளவு குலை வெட்டுபவரின் கைக்கு வருகிறது என்பது வேறொரு கேள்வி. அதை முதல் பக்கத்தில் கேட்டு நான் பார்த்தது அரிது.

2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டைத் தொட்டபோது, "26 ஆண்டுகளில் காணாத வீழ்ச்சி" என்ற தலைப்பு எல்லா இடத்திலும் வந்தது. கணக்குச் சரிதான், 1998 ஜனவரி 7ஆம் நாள் 4.88 வரை போயிருந்தது. ஆனால் 1998 என்ற ஆண்டைச் சொன்னவுடன் ஆசிய நிதி நெருக்கடிக் காலத்து ஆட்குறைப்பும் வங்கித் தவிப்பும் வாசகர் நினைவுக்கு வந்துவிடுகின்றன. 2024ல் பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவோ, ரிங்கிட்டின் மதிப்பு நாட்டின் உண்மையான நிலையைப் பிரதிபலிக்கவில்லை என்ற எதிர்க்கோணத்தை முன்வைத்ததோடு, அரசு சார்ந்த நிறுவனங்கள் வெளிநாட்டு வருமானத்தை நாட்டுக்குக் கொண்டுவந்து ரிங்கிட்டாக மாற்ற வேண்டும் என்று ஊக்குவித்தது. நாணயத்தின் எண்ணே நெருக்கடியின் அடையாளமாகிவிட்டதால், எடுக்கப்பட்ட நடவடிக்கையும் முதலில் நாணயத்தைக் குறிவைத்தது.

"நெருக்கடி" என்று யார் முடிவு செய்கிறார்கள்? எங்களுக்கு எப்போதுமே நெருக்கடிதானே?

இந்தக் கேள்வியை ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மா கேட்டார். இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். தேசிய ஊடகங்கள் நெருக்கடியை அறிய மூன்று நான்கு அளவுகோல்களைப் பார்க்கின்றன: நாணய மாற்று விகிதம், பங்குச் சந்தைக் குறியீடு, உள்நாட்டு மொத்த உற்பத்தி, அரசாங்கக் கடன். இவை நாள்தோறும் அல்லது காலாண்டுதோறும் எண்ணாக வெளிவருபவை, எனவே செய்தியாக்க எளிதானவை. லயத்து வீட்டின் கூரை, நாள் கூலி, வேலை கிடைக்காத மழை நாள் ஆகியவை யாரும் காலையில் அறிவிக்கும் எண்கள் அல்ல.

1998ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 பிப்ரவரியில் 1,270க்கு மேல் இருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1998 செப்டம்பர் 1ஆம் நாள் 262க்கு இறங்கியது. அந்த ஆண்டில் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. நெருக்கடி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதே ஆண்டில் ரிங்கிட் வலுவிழந்ததால் கச்சா செம்பனை எண்ணெயின் சராசரி விலை டன்னுக்கு 2,300 ரிங்கிட்டைத் தாண்டியது. தோட்ட நிறுவனங்களுக்கு அது நல்ல ஆண்டு. பிறகு 2000ஆம் ஆண்டில் நாடு 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. மீட்சி வந்துவிட்டது என்று பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதின. அந்த ஆண்டு எண்ணெய் விலை ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டி வந்து நின்றது. 2001ல் சராசரி 900க்கும் கீழே போனது. விலையோடு கட்டப்பட்ட ஊக்கத் தொகையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு நெருக்கடி வந்தது அப்போதுதான்.

ஆகவே நாட்டின் நெருக்கடியும் தோட்டத்தின் நெருக்கடியும் ஒரே நாளில் வருபவை அல்ல. செய்தி முதலாவதை மட்டும் நெருக்கடி என்று அழைக்கும்போது, உதவித் திட்டங்களும் அந்த நாள்காட்டியின்படியே வந்து போகின்றன.

நம் ஊர் தேசியச் செய்தியில் பெரிதாக வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதன்பின் நம் ஊரின் பெயர் அந்த ஒரு நாளோடு ஒட்டிக்கொண்டது. கொலைகள் கொடியவை, அவற்றை எவரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தோட்டங்கள் முழுக்கக் கூலி, அரிசி, தொழிற்சங்க உரிமை ஆகியவை பற்றி நடந்த வேலை நிறுத்தங்கள் அந்தச் செய்தியின் பின்னால் மறைந்துபோயின. பொருளாதாரத் தகராறு பாதுகாப்புச் சிக்கலாக வரையறுக்கப்பட்டதும் தீர்வும் காவல் துறையிடமும் படையினரிடமும் போய்விட்டது. முதல் விடையில் சொன்ன நான்கு வேலைகளை நம் ஊரின் வரலாற்றிலேயே காணலாம்.

1997ல் நம் பத்திரிகைகள் ஒன்று சொல்லின, வெளிநாட்டுப் பத்திரிகைகள் வேறொன்று சொல்லின. யார் சொன்னது உண்மை?

1997 ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டதும் நெருக்கடி பரவியது. அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் நாணய ஊக வணிகர்களைக் குற்றம் சாட்டினார். செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலக வங்கி, அனைத்துலகப் பண நிதியக் கூட்டத்தில் நாணய வணிகம் ஒழுக்கக்கேடானது என்று பேசினார். அமெரிக்க நாணய வணிகர் ஜார்ஜ் சோரோஸ் மறுநாளே அவரைக் கடுமையாகச் சாடினார். உள்நாட்டு ஊடகங்கள் பெரும்பாலும் "வெளியிலிருந்து வந்த தாக்குதல்" என்ற கோணத்தில் எழுதின. மேற்கத்திய வணிக ஊடகங்கள் அரசியல்வாதிகளுக்கு நெருக்கமானவர்களுக்கு வழங்கப்பட்ட சலுகைகள், மிதமிஞ்சிய கடன், ஆடம்பரக் கட்டுமானம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டின.

இரண்டு பக்கத்திலும் உண்மையின் துண்டு இருந்தது. குறுகிய காலப் பணம் திடீரென வெளியேறியதும் உண்மை. உள்ளே கடன் வீங்கியிருந்ததும் உண்மை. கவனிக்க வேண்டியது அவற்றோடு வந்த மருந்துகளை. நோய் வெளியிலிருந்து வந்தது என்றால் கதவை மூடுவது நியாயமாகத் தோன்றும். நோய் உள்ளே இருக்கிறது என்றால் செலவைக் குறைத்து, வட்டியை ஏற்றி, நிறுவனங்களைத் தவிக்க விடுவது நியாயமாகத் தோன்றும். சம்பளத்துக்கு உழைப்பவர் இரண்டு கதைகளிலும் பேசவில்லை.

அப்படியானால் பத்திரிகைதான் அரசாங்கத்தை மாற்றியதா? இல்லை, முடிவை எடுத்துவிட்டுப் பத்திரிகையில் போட்டார்களா?

இரண்டும் நடக்கிறது. எந்த நேரத்தில் எது அதிகம் என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1998 ஜூலையில் உத்துசான் மலேசியா, பெரித்தா ஹரியான் ஆகிய நாளிதழ்களின் தலைமை ஆசிரியர்கள் பதவி விலகினார்கள். இருவரும் அன்றைய நிதியமைச்சர் அன்வார் இப்ராஹிமுக்கு நெருக்கமானவர்களாகக் கருதப்பட்டவர்கள். செப்டம்பர் 1ஆம் நாள் பணம் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன; மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அதே நாளில் அன்வார் பதவி நீக்கப்பட்டார். இந்த வரிசையில் முடிவை எடுத்தது பத்திரிகை அல்ல. ஓராண்டு முழுக்க "வெளித் தாக்குதல்" என்று படித்துப் பழகிய மக்களுக்கு அந்த முடிவு தற்காப்பாகத் தெரிந்தது. அரசாங்கத்துக்கு அந்தத் தயாரிப்பு பெரிய உதவி.

எதிர்த் திசையில் நடந்ததும் உண்டு. கோவிட் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், ஆறு மாத கடன் தவணை ஒத்திவைப்புத் தொடங்கியது. தவணை முறையில் வாங்கிய கார், மோட்டார் சைக்கிள் கடன்களுக்குக் கூடுதல் வட்டி வரலாம் என்பது தெரிந்ததும், "உதவி" என்று வந்த செய்தி "மறைமுகச் சுமை" என்ற செய்தியாக மாறியது. மக்களின் கோபம் செய்தியாகி, மே மாதத்தில் அந்தக் கடன்களுக்குக் கூடுதல் வட்டி விதிக்கப்படாது என்று நிதியமைச்சு அறிவித்தது. நேரடியாக எண்ணிப் பார்க்கக்கூடிய, இலட்சக்கணக்கானவர்களைத் தொடும், உடனே திருத்தக்கூடிய ஒன்றில் ஊடகத்தின் அழுத்தம் விரைவாகப் பலிக்கிறது. கூலி அமைப்பு, நில உரிமை, வீட்டுடைமை போன்ற நீண்ட சிக்கல்களில் அது அவ்வளவு எளிதாகப் பலிப்பதில்லை.

பத்திரிகைக்காரர்கள் ஏன் அமைச்சர் சொல்வதையே போடுகிறார்கள்? பயமா?

பயம் ஒரு காரணம். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் நாளிதழுக்கு உரிமம் தேவை. 2012ல் திருத்தம் வரும் வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987ல் ஓப்பராசி லாலாங் என்ற பெருங்கைது நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று இதழ்களின் உரிமமும் பறிக்கப்பட்டதை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார். பல பெரிய நாளிதழ்கள் நெடுங்காலம் ஆளுங்கட்சிகளோடு தொடர்புடையவர்களின் கையில் இருந்தன. 1999ல் மலேசியாகினி இணையத்தில் தொடங்கியபோது வாசகர்கள் திரண்டதற்கு இந்தப் பின்னணியே காரணம்.

ஆனால் பயத்தை விடப் பெரிய காரணம் வேலை முறை என்று நான் கருதுகிறேன். மாலைக்குள் செய்தி முடிக்க வேண்டிய நிருபருக்கு அமைச்சரின் அறிக்கை கையில் வந்து சேர்கிறது, தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தி தயாராக இருக்கிறது, வங்கியின் பொருளாதார நிபுணர் தொலைபேசியை எடுக்கிறார். செம்பனைக் குலை வெட்டுபவர் அந்த நேரத்தில் தோட்டத்தில் இருக்கிறார். உரிமச் சட்டம் நாளையே இல்லாமல் போனாலும் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும்.

தமிழ்ப் பத்திரிகைகள் நம்மைப் பற்றி வேறு மாதிரி எழுதுகின்றனவா?

தோட்ட மூடல், தமிழ்ப்பள்ளி, கோவில் நிலம், இழப்பீடு போன்ற செய்திகளுக்கு அவை கொடுக்கும் இடத்தை வேறு எந்த மொழி நாளிதழும் கொடுத்ததில்லை. அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ரிங்கிட், வட்டி, வரவு செலவுத் திட்டம் என்று வரும்போது, சிறிய ஆசிரியர் குழு பெரும்பாலும் தலைநகரச் செய்தியை மொழிபெயர்த்துத் தருகிறது. மொழி நம்முடையதாக இருக்கும். கோணம் கோலாலம்பூருடையதாக இருக்கும். 1924ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019ன் தொடக்கத்தில் நின்றுபோனது. ஓர் இதழ் நிற்கும்போது, பொருளாதாரப் பக்கத்தைத் தோட்டத்திலிருந்து தொடங்கி எழுதக்கூடிய ஒரு மேசையும் போகிறது.

நாட்டுக்கு ஒரு டிரில்லியன் கடன் என்று 2018ல் சொன்னார்கள். அது உண்மையா, அரசியலா?

எண்கள் உண்மையானவை. 2017ன் இறுதியில் கூட்டரசின் நேரடிக் கடன் 686.8 பில்லியன் ரிங்கிட். அது மொத்த உற்பத்தியில் 50.8 விழுக்காடு. 2018ல் ஆட்சி மாறியபின் வந்த புதிய நிதியமைச்சர் லிம் குவான் எங் அதனோடு அரசு உத்தரவாதம் கொடுத்த கடன்களில் 199.1 பில்லியனையும், தனியார் கூட்டுத் திட்டங்களுக்கான வாடகைக் கடப்பாடுகள் 201.4 பில்லியனையும் சேர்த்து 1,087.3 பில்லியன் என்று அறிவித்தார், அது 80.3 விழுக்காடு. பழைய அரசாங்கம் முதல் எண்ணைக் காட்டியது, புதியது கடைசி எண்ணைக் காட்டியது. எதைக் கடன் என்று எண்ணுவது என்ற முடிவில்தான் கோணம் இருந்தது.

அந்தப் பெரிய எண் தலைப்பானதும் நடந்தவற்றைப் பாருங்கள். நாட்டுக் கடனை அடைக்க மக்கள் நன்கொடை தருவதற்கு ஹராப்பான் நிதி திறக்கப்பட்டது. உண்டியலை உடைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. கிழக்குக் கரை இரயில் திட்டம் நிறுத்தப்பட்டு மறு பேச்சுவார்த்தைக்குப் போனது. சிங்கப்பூர் அதிவேக இரயில் தள்ளிவைக்கப்பட்டது. 6 விழுக்காடு பொருள் சேவை வரி பூச்சியமாக்கப்பட்டதால் வருவாயும் குறைந்த அதே காலத்தில், "பணமில்லை" என்பது எல்லா வேண்டுகோளுக்கும் விடையாயிற்று.

கடன் அதிகம் என்றால் செலவைக் குறைப்பதுதானே முறை? வீட்டில் அப்படித்தானே செய்கிறோம்?

நாட்டை வீட்டுக்கு ஒப்பிடுவது செய்திகளில் மிக அதிகமாக வரும் உவமை. எளிமையாக இருப்பதால் அதை நாம் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் நான் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறையாது. நாட்டில் ஒருவரின் செலவே மற்றவரின் வரவு. அரசாங்கம் சாலைப் பணியை நிறுத்தினால் குத்தகையாளர் ஆட்களைக் குறைப்பார், அவர்கள் கடையில் வாங்குவதைக் குறைப்பார்கள், வரி வசூலும் குறையும். மேலும் மலேசிய அரசாங்கக் கடனின் பெரும்பகுதி ரிங்கிட்டில் உள்ளது, உள்நாட்டில் கடன் கொடுத்தவர்களில் நம் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேம நிதியும் அடங்கும்.

1997 டிசம்பரில் கூட்டரசுச் செலவை 18 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தார்கள். அந்த நேரத்தில் அது பொறுப்பான செயல் என்று பாராட்டப்பட்டது. வீழ்ச்சி ஆழமானதும் 1998ன் நடுவில் செலவைக் கூட்டும் பக்கம் திரும்பினார்கள். இதனால் கடனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டிக்குப் போகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகாது. எப்போது, எதில், யாருக்குக் குறைப்பது என்ற கேள்வியை அந்த உவமை மூடிவிடுகிறது என்பதே என் மறுப்பு.

தோட்டங்களில் ஆள் இல்லை என்று செய்தி வருகிறது. நம் பிள்ளைகள் பலர் வேலை தேடி அலைகிறார்களே?

2021ல் கோவிட் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டிருந்தபோது, பழுத்த குலைகள் வெட்டப்படாமல் அழுகுவதாகவும் பெரும் இழப்பு ஏற்படுவதாகவும் தொடர்ந்து செய்திகள் வந்தன. பேசியவர்கள் பெரும்பாலும் முதலாளிகளின் அமைப்புகளும் அமைச்சரும். சிக்கல் "ஆள் பற்றாக்குறை" என்று வரையறுக்கப்பட்டதால், தீர்வும் ஆளைக் கொண்டுவருவதாக அமைந்தது: தோட்டத் துறைக்கு 32,000 அந்நியத் தொழிலாளர்களுக்குச் சிறப்பு அனுமதி. அந்தக் கூலிக்கு, அந்த வீட்டுக்கு, அந்தத் தூரத்துக்கு உள்ளூர் இளைஞர் ஏன் வரவில்லை என்று தொடங்கியிருந்தால், கூலியும் வீடும் இயந்திரமும் பேச்சின் நடுவே வந்திருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ஆனபோதும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆனபோதும், "முதலாளிகளுக்குச் சுமை" என்ற வரி செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு குலை வெட்டுபவர்கள் மீது இதற்காகக் கோபப்படக் கூடாது; அவர்களும் அந்தச் செய்தியில் பேசவில்லை.

சேம நிதியிலிருந்து பணம் எடுக்க விட்டது உதவிதானே? அதில் என்ன கோணம்?

கோவிட் காலத்தில் வந்த ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பின்னர் 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பு ஆகிய நான்கு திட்டங்களிலும் சேர்த்து உறுப்பினர்கள் எடுத்தது 145 பில்லியன் ரிங்கிட். பசியில் இருந்தவருக்கு அந்தப் பணம் உயிர் கொடுத்தது. எடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் அது தொழிலாளியின் முதுமைக்கான சேமிப்பு. அரசாங்கத்தின் உதவித் திட்டங்களோடு ஒரே பட்டியலில் அதைச் சேர்த்து எழுதியபோது, யாருடைய பணம் யாருக்குத் தரப்பட்டது என்ற வேறுபாடு மங்கிப்போனது.

நாங்கள் பத்திரிகையே வாங்குவதில்லை. வாட்ஸ்அப்பிலும் டிக்டாக்கிலும் பார்த்துக்கொள்கிறோம். அப்போதும் இது பொருந்துமா?

பொருந்தும். அங்கே சுற்றும் காணொளிகளில் பல தேசிய ஊடகத்தின் தலைப்பையே எடுத்துப் பேசுபவை; தேதியும் மூலமும் உதிர்ந்துபோவதால் சரிபார்ப்பது இன்னும் கடினம். ஆனால் வேறொரு வலிமையும் அங்கே உண்டு. 2021 ஜூன் இறுதியில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் சமூக ஊடகங்களில் பரவியது. அதுவரை தொற்று எண்ணிக்கையும் உதவித் தொகுப்பின் பில்லியன்களும் நிறைந்திருந்த செய்திகளுக்குள் பசி என்ற பொருள் அதன் பிறகு வலுவாக நுழைந்தது.

இதையெல்லாம் கேட்டால் எந்தச் செய்தியையும் நம்பக் கூடாது போலிருக்கிறதே?

அப்படி முடிவு செய்வது ஆபத்து. எதையும் நம்பாதவர் கடைசியில் தனக்குப் பிடித்த வதந்தியை நம்புவார். டீசல் விலை, கடன் தொகை, எண்ணெய் விலை ஆகியவற்றை நாம் அறிந்திருப்பதே நிருபர்கள் எழுதியதால்தான். எண்ணை நம்புங்கள், அது எதனோடு ஒப்பிடப்பட்டது, யார் பேசினார்கள், எந்தத் தீர்வு மட்டும் சொல்லப்பட்டது என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஒரே செய்தியைத் தமிழிலும் மலாயிலும் அடுத்தடுத்துப் படிப்பது இதற்கு நல்ல பயிற்சி. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

எங்கள் தோட்டத்துச் செய்தி கோலாலம்பூருக்குப் போய்ச் சேர நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நிருபரின் வேலை முறையைப் பற்றி மேலே சொன்னதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்த வேண்டும். "ரொம்பக் கஷ்டம்" என்ற குறையை விட, மூன்று மாதச் சம்பளச் சீட்டின் நகல், டன்னுக்கு என்ன கூலி, எத்தனை நாள் வேலை கிடைத்தது, இரண்டு ஆண்டுக்கு முன் அரிசி மூட்டை என்ன விலை, இப்போது என்ன விலை என்ற குறிப்பு அவருக்குப் பயன்படும். பெயரை மறைத்து நகல் எடுங்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். மாலையில் தொலைபேசியில் பேசக்கூடிய ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்து, அவருடைய எண்ணை வட்டார நிருபரிடம் கொடுத்து வையுங்கள்.

அதே தாளைத் தொழிற்சங்கக் கிளைக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நாடாளுமன்றத்தில் அது கேள்வியாக எழுந்தால் அமைச்சர் விடை சொல்ல வேண்டும், அந்த விடை செய்தியாகும். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கல் செய்யப்படுகிறது. அதற்கு முன் நிதியமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். ஆகஸ்டுக்குள் தாள்கள் தயாராக இருக்க வேண்டுமானால், கணக்கை ஜூன் மாதமே எழுதத் தொடங்க வேண்டும்.